கண்டக்டர் அண்ணனின் ஜெபத்தில் ஒரு திருத்தம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் கொடுத்தது. வெளிநாட்டில் மிஷனரியாக இருந்தவராம். அங்கே எப்படிப் பொழுது போயிற்று என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். கதவு தட்டுவோம், துணி துவைப்போம், மீதி நேரமெல்லாம் பாஷை படிப்போம் என்றார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்:

"என்கூட இருந்தவர் அவங்க அம்மாவுக்கு சுகம் கேட்டு அந்த ஊர் பாஷையில ஜெபம் பண்ணுவார். ஒருநாள் உச்சரிப்பு தப்பா இருந்துச்சு. திருத்திக் கொடுத்தேன். அந்தம்மா இறந்துட்டாங்கன்னு எனக்கு அப்போ தெரியும். அவருக்குத் தெரியாது."

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். திரும்பி வரும்போது வாய் மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். (என் அதிர்ஷ்டம் எப்போதும் இப்படித்தான்.) ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கற்பித்துக்கொண்டது. அவர் படித்தால் கோபப்படலாம்.

2

முதல் தொடக்கம்: 'அந்த நகரத்தில் அன்று பனி கொட்டிக்—'

வேண்டாம். பனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன். என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

இரண்டாவது: 'தேவசித்தம் என்பது மனிதனுக்கு—'

இதுவும் வேண்டாம். கதை பிரசங்கமாகிவிடும். பிரசங்கம் ஒன்று பின்னால் வேறு வரப்போகிறது.

மூன்றாவது: ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் ஓர் அறை. இரண்டு இரும்புக் கட்டில்கள், நடுவே ஒரே மேஜை, ஜன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே துணி காயப்போட ஒரு கயிறு. கயிற்றில் சட்டைகள் தொங்கும்போது ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இங்கே இரண்டு மிஷனரிகள் தங்கியிருக்கிறார்கள். இளையவன் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, மொழி சரளம். மூத்தவர் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், வந்து சில மாதங்கள்தான். ஒருவரையொருவர் 'பிரதர்' என்று அழைக்க வேண்டும் என்பது அமைப்பின் வழக்கம். இவர்கள் 'அண்ணே' என்றும் 'தம்பி' என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதை வைத்துக்கொள்ளலாம். இந்த அறை எனக்குத் தெரியும். வேலை கிடைத்த புதிதில் இப்படி ஓர் அறையில் இருந்திருக்கிறேன், வேறு ஊரில், வேறு காரணத்துக்காக.

அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே தாய்மொழி கூடாது. சாப்பாடு, சண்டை, ஜெபம் எல்லாம் அந்த ஊர் மொழியில்தான். ஜெபத்தையும் உரக்கச் செய்ய வேண்டும். அப்போதுதான் மற்றவர் பிழை திருத்த முடியும். சொந்த மொழியில் பேசியே ஆகவேண்டும் என்று தொண்டை அரித்தால், கதவைத் திறந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

3

கண்டக்டர் மீது எனக்கு ஒரு சந்தேகம். காலமெல்லாம் பஸ்ஸில் ஓடிய மனுஷன், தலை நரைக்கிற வயதில் வேலையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி ஊழியத்துக்கு ஏன் போக வேண்டும்? மனைவி இறந்த துக்கம் என்று எழுதினேன், அடித்தேன். கனவில் குரல் கேட்டது என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில் அவருடைய அம்மாவையே கேட்டுவிடலாம் என்று போனேன். (எழுதுகிறவனுக்கு இந்த வசதி இருக்கிறது. அவள் உயிரோடிருந்த பக்கத்துக்குப் போனால் போதும்.) இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தாள். குரல் மட்டும் முறியவில்லை.

"நானா போகச் சொன்னேன்? பஸ்ல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துவான், ஒருத்தன் நகர மாட்டான். தெரிஞ்ச பாஷையிலயே கேக்காதவங்க, தெரியாத பாஷையில சொன்னா கேட்ருவாங்களா? சரி, போகட்டும் விடு. தான் சொல்றத நாலு பேர் உக்காந்து கேக்கணும்னு அவனுக்கும் ஆசை இருக்கும்ல."

அவளைப் பேச விட்டிருக்கக் கூடாது. அடுத்த பகுதியில் அவள் இறக்க வேண்டும். இவ்வளவு நேரம் பேசியவளைச் சாகடிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கண்டக்டருக்கு மொழி ஏறவே இல்லை. பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஓய்வுநாளில் நகரப் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். நிறுத்தங்களின் பெயர்களெல்லாம் வரிசை மாறாமல் மனப்பாடம். அந்த ஊர் மொழியில் அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம், 'பின்னால் இடம் இருக்கிறது.' ஒருநாள் கதவு தட்டப் போனபோது, திறந்த பெண்ணிடம் பதற்றத்தில் அதையே சொல்லிவிட்டார். அவள் தன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நூறு பேர் நெருக்கியடிக்கும் பஸ்ஸை விசில் ஒன்றை வைத்துக்கொண்டு அடக்கி ஆண்டவர், கடையில் சோப்பு கேட்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் தம்பியின் முகத்தைப் பார்ப்பார். தம்பி தலையாட்டினால்தான் அடுத்த வாக்கியம்.

4

வியாழக்கிழமை மதியம் தெருமுனைச் சலவைக்கடையில் தம்பி உட்கார்ந்திருந்தான். மெஷினுக்குள் இருவருடைய துணியும் சுற்றிக்கொண்டிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன். மொழி தெரிந்தவன் என்பதால் அது அவனிடம் இருக்கும். அமைப்பின் மூத்த போதகர் அழைத்தார்.

"தம்பி, அவர் பக்கத்துல இருக்காரா?"

"இல்லைங்க ஐயா. ரூம்ல படிச்சிட்டிருக்கார்."

"அவங்க அம்மா தவறிட்டாங்க. அவரோட தங்கச்சி எனக்குப் போன் பண்ணுச்சு. அடக்கமும் முடிஞ்சிருச்சு."

தம்பி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை அவரோட முதல் பிரசங்கம். அதுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கார்னு உனக்கே தெரியும். இப்ப சொன்னா உடைஞ்சு போயிடுவார். முடியட்டும். அப்புறம் நீயே பக்குவமா சொல்லிடு. தங்கச்சிகிட்டயும் பேசிட்டேன்."

"நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும் ஐயா."

"பக்கத்துல இருக்கிறவன் நீதானப்பா."

"தெரிஞ்சா… அவர் ஊருக்குப் போயிடுவாரா ஐயா?"

இந்தக் கடைசிக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. பேனா போகிற போக்கில் வந்துவிட்டது. எழுதியபிறகுதான் தம்பியைக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிறேன். 'அவன் இரக்கத்தால்தான் மறைத்தான்' என்று அடுத்த வரியைத் தயாராக வைத்திருந்தேன். அதை இப்போது—

விட்டுவிடுகிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம். கண்டக்டருக்கு முன்னால் இதே அறையில் இன்னொருவர் இருந்தார். வீட்டிலிருந்து ஒரு சேதி வந்தது, ஊருக்குப் போனார், திரும்பவில்லை. அதன்பின் ஒரு குளிர்காலம் முழுக்கத் தம்பி தனியாக இருந்தான். சட்டத்தை மீறாமல், கெட்டிலோடும் கயிற்றில் தொங்கும் சட்டையோடும் அந்த ஊர் மொழியில் பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய சரளம் அப்படி வந்ததுதான். மறுபடியும் அந்தக் குளிர்காலம் வந்துவிடக் கூடாது என்று நடுங்குகிறான். அவன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

(இன்னொன்று. அன்று மதியமே அவன் அறைக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகவும் எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் கதை முடிந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டேன். ஆக, கண்டக்டரிடம் சொல்லாமல் இருப்பவர்களில் நானும் ஒருவன். இப்போது உங்களுக்கும் தெரியும்.)

5

அன்று மாலை ஜெபம்.

கண்டக்டர் பேசிய அந்நிய மொழியை உடைந்த தமிழில் எழுதிப் பார்த்தேன். கோமாளிபோல் ஆகிவிட்டார். அதனால் முழுத் தமிழில் தருகிறேன்; திக்கலையும் திணறலையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் ஈரத்துணி தொங்குகிறது. அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டரின் குரல்:

"ஆண்டவரே, இந்த நாளுக்காக நன்றி. உருளைக்கிழங்குக்காக நன்றி. தம்பிக்காக நன்றி. என் அம்மா படுத்திருக்கிறாள். அவள் எழுந்து உட்காரட்டும். ஆமென்." பிறகு சட்டைகளை விலக்கி முகத்தை நீட்டினார். "சரியா?"

தம்பி தலையாட்டியிருக்கலாம். ஆட்டினால் ஆமோதித்ததாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. இல்லை, தினமும் திருத்திக் கொடுத்த பழக்கமோ. அந்த ஊர் மொழியிலேயே அவன் வாயிலிருந்து வந்தது இது:

"உட்காரட்டும்னு சொல்றப்போ அழுத்தம் முன்னாடி வருது அண்ணே. கடைசியில வரணும்."

"உட்காரட்டும்."

"இன்னும் கொஞ்சம்."

"உட்காரட்டும்."

"ஆங், இப்போ சரி."

கண்டக்டருக்குப் பெரிய சந்தோஷம். அந்த ஒரு வாக்கியத்தை முழுதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார், பாத்திரம் கழுவும்போதும், பல் தேய்க்கும்போதும். ஒவ்வொரு முறையும் அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தது. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எனக்குக் கிடைத்த கதை இவ்வளவுதான். பஞ்சைக் கடித்துக்கொண்டு போனவர் இதற்குமேல் சொல்லவில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராமல் போகுமா?

6

வெள்ளிக்கிழமை தம்பி முடிவு செய்துவிட்டான். "வாங்கண்ணே, படிக்கட்டுக்குப் போலாம்" என்றான்.

கண்டக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். தாய்மொழி பேசக் கிடைத்த சந்தோஷத்தில் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நல்லவேளை கூப்பிட்டே. எனக்கும் ஒண்ணு சொல்லணும். பிரசங்கத்த எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்ல? கெடச்சிருச்சு. கடைசியில எங்கம்மாவைப் பத்திச் சொல்லி, எல்லாரும் எந்திரிச்சு அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கப் போறேன்."

"அண்ணே…"

"இரு, முழுசா கேளு. நம்ம சபையில எட்டு பேர்தான். ஆனா எட்டு பேரும் ஒண்ணா கேட்டா சும்மாவா? அம்மாகிட்ட அடுத்த வாரம் போன்ல சொல்லுவேன். 'தெரியாத பாஷையில சொன்னா யாரு கேப்பான்னு கேலி பண்ணியே, ஞாயித்துக்கெழம உனக்காக ஊரே நின்னுச்சு'ன்னு. அந்தக் கெழவி என்ன சொல்லும்னு எனக்கு இப்பவே தெரியும். 'எனக்காக நின்னாங்களா, இல்ல எடம் இல்லாம நின்னாங்களா'ன்னு கேக்கும்!"

சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

தம்பி கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. அந்தக் கடைசிப் பகுதியை எழுதிக் கொடுங்க. பாத்துத் தர்றேன்."

அவனை உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இறந்துபோனவளுக்குச் சுகம் கேட்கும் அந்தப் பத்தியை அவன் திருத்தினான். நல்ல சொற்களாகப் பார்த்துப் போட்டான். வேலை சுத்தமாக இருந்தது.

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) ஞாயிறு காலை, பேருந்தில் போகும்போது தம்பி சொல்லிவிடுகிறான். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி— எங்கே போவார்? அவருக்கு நிறுத்தங்களின் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தத் தெருவில் அவரைத் தனியாக நிறுத்த எனக்கு மனமில்லை.

ஆ) போதகர் சொன்னபடி, பிரசங்கம் முடிந்தபின் சொல்கிறான். "உனக்கு எப்போ தெரியும்?" என்று கண்டக்டர் கேட்கிறார். "வியாழக்கிழமை." அவர் மனதுக்குள் பின்னோக்கிப் போகிறார்: படிக்கட்டு, பாத்திரம் கழுவியது, 'இன்னும் கொஞ்சம்', 'இப்போ சரி'. அதன்பின் அவர் தம்பியோடு எந்த மொழியிலும் பேசவில்லை. இது நடக்கக்கூடியதுதான். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மேஜைப் பக்கமே போகவில்லை.

இ) யாரும் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் அவர் அம்மாவுக்குப் போன் போடுகிறார். அங்கே தங்கச்சி எடுத்து—

முடியாது. இதை நான் எழுத மாட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன். ஒரு கடைக்கு மேலே வாடகை ஹால். மடக்கு நாற்காலிகள். கோட்டைக் கழற்றாமல் எட்டுப் பேர். முன்வரிசை ஓரத்தில் தம்பி. கண்டக்டர் எழுந்து நிற்கிறார். பழக்கதோஷத்தில் ஒரு கை மேலே கம்பியைத் தேடுகிறது. பிறகு கீழே இறங்குகிறது.

நன்றாகவே பேசினார். மெதுவாக, ஆனால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் தம்பியைப் பார்த்தார், தம்பி தலையாட்டினான், அவர் அடுத்ததற்குப் போனார். எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் சொல்வதை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நாற்காலிகள் கிரீச்சிட எழுந்தார்கள், கண்ணை மூடினார்கள். கண்டக்டர் மூடவில்லை.

"என் அம்மா எழுந்து உட்காரட்டும்" என்றார். துளிப் பிழையில்லை.

சொல்லிவிட்டு, வழக்கம்போல, சரியா என்று பார்க்கிறார். தலையாட்டினால் எட்டுப் பேரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஆட்டாவிட்டால் ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். என்ன தப்பு என்று கேட்பார். தம்பியின் தலையை அசைக்கவோ, அசையாமல் பிடித்துக்கொள்ளவோ என்னால் ஆகவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். முன்வரிசை ஓரத்து இடத்திலிருந்து அவனையும் விலக்கி அனுப்பிவிட்டேன்.

அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.