கடைசியாய் இறங்கியவர்

பிரெஞ்சுக் கரையின் பாறைகளை வெண்ணுரையால் அறைந்தபடி கடல் புரண்டுகொண்டிருந்த மாரிக்காலக் காலையொன்றில், சாம்பல் மேகங்கள் பாய்மர நுனிகளை உரசுமளவு தாழ்ந்திருக்க, முற்றுகைக் காவலில் ஐந்து திங்களாய் அலைந்து களைத்த கெஸ்ட்ரல் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல், நனைந்த பறவைபோல் காற்றில் நடுங்கி நின்றது.

அதன் தலைவர் ஹார்கிரேவ் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பாய் சுருட்ட மேலேறியோருள் கடைசியாய் இறங்குபவனுக்குப் பன்னிரண்டு கசையடி. அச்சத்தால் விரைவு வளரும் என்பது அவர் எண்ணம். ஆனால், அன்பரே, பாய் கட்டிய குறுக்குமரத்தின் நுனிவரை ஊர்ந்து, கடலுக்கு நேர்மேலே தொங்கிப் பாயைக் கட்டுபவன் எவனோ, அவனே திரும்பி வருவதில் கடைசியாவான். நுனிக்குச் செல்பவனோ கப்பலின் தலைசிறந்த மாலுமி. ஆதலால் சோம்பல் தப்பியது, திறமை அடிபட்டது. அப்படி நுனிக்குச் சென்று முன்வாரம் அடிவாங்கிய நேத்தன் என்னும் மாலுமியின் முதுகுப்புண் இன்னும் ஆறவில்லை.

துணைத்தலைவர் டிரெகோவன் பதினாறாண்டு கடலில் உழைத்தவர். அவருக்குத் தனிக்கப்பல் அளிக்கப் பரிந்துரைக்கும் மடல், ஹார்கிரேவின் கையொப்பத்துக்காக மேசைமேல் காத்திருந்தது.

காற்றுச் சீறியது, மேலேறுமாறு ஆணை பிறந்தது.

“இன்னைக்கும் நுனி உனக்குத்தானா நேத்தா? முதுகுல இன்னும் இடம் இருக்கா?” என்றான் தோழன் ஒருவன்.

“உன் முதுகு சும்மாதானே கெடக்கு, அதைக் கொஞ்சம் இரவல் குடேன்,” என்றான் நேத்தன்.

அப்போது மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு டிரெகோவன் அருகே வந்தார். “நுனிக்கு நான் போறேன். நீ நடுவுல நில்லு.”

“உங்களுக்கு எதுக்குய்யா இந்த வம்பு? கப்பல் கிடைக்கப்போற நேரத்துல.”

“ஏறுப்பா. காத்து நமக்காக நிக்காது.”

பாய் சுருண்டது. மாலுமிகள் ஒவ்வொருவராய் இறங்கினர். எல்லோருக்கும் பின், விரல்களில் குருதி கசிய, டிரெகோவன் தளத்தில் கால்வைத்தார்.

“கடைசியா இறங்கினது நான்தான் ஐயா. சட்டப்படி பன்னிரண்டு.”

ஹார்கிரேவின் முகம் கறுத்தது. “அதிகாரியை அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே இந்த நாடகம்?”

“தெரியும் ஐயா. நல்ல மாலுமியை அடிக்கலாம்ங்கிறதுதான் எனக்கு விளங்கல. நாளைக்கும் நுனிக்கு நான்தான் போவேன்.”

“அந்த மடல்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“போடாதீங்க,” என்றார் டிரெகோவன்; குரல் உயரவில்லை, தலையும் தாழவில்லை.

சொன்னபடியே, முற்றுகை முடியும்வரை, பாய் சுருட்டிய நாள்தோறும் அவரே நுனிக்குச் சென்றார்; கெஸ்ட்ரலில் அச்சட்டத்தால் எவன் முதுகும் மீண்டும் கிழியவில்லை. தலை நரைத்து ஓய்வுபெறும்வரை அவர் துணைத்தலைவராகவே இருந்தார். கப்பல் எதுவும் அவருக்கு வரவில்லை. கடல்களை வென்றோர் பெயர் கல்லில் நிற்கும். ஓர் எளியவனின் முதுகைக் காத்தவர் பெயரோ, அவன் உணவுக்குமுன் முணுமுணுக்கும் வேண்டுதலில் மட்டுமே நிற்கும். இறைவன் கல்லெழுத்தைப் படிக்கிறானோ அறியோம், வேண்டுதலைக் கேட்கிறான்.