ஹேசல்கோட்டில் ஒரு புள்ளி

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே விமல்ராஜ் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு வந்துவிடுவான். எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. படுத்தபடியே கைபேசியைத் திறந்தால் போதும். அந்த நாட்டுப் போலீஸ் எல்லா ஊருக்கும் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தது. எந்தத் தெருவில் என்ன குற்றம் நடந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரிய ஊர்களில் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் இருக்கும். ஹேசல்கோட் என்று அடித்தால் வயல்வெளி வரும், நடுவில் ஒரு சர்ச், நாலைந்து சந்துகள். புள்ளி ஒன்றுகூட இருக்காது. எப்போதாவது ஒரு மாதம் ஒரு சைக்கிள் திருட்டு.

அந்த வரைபடம் இரண்டு மாதம் பின்தங்கித்தான் வரும். இன்று பார்த்ததுதான் நாளையும் இருக்கும். அது தெரிந்தும் பார்ப்பான். ஹேசல்கோட்டில் அவன் மனைவி அன்புசெல்வி இருந்தாள்.

செல்வி நர்ஸ். போன மே மாதம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். இவன் மகள் பாரதியோடு முத்தியால்பேட்டையில், கடைக்கு மேல் இருக்கும் வீட்டில் இருந்தான். பாரதி இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் அடுத்த தெருவில் இருக்கும் இவன் அக்கா கலைவாணி வீட்டுக்குப் போய்விடுவாள்.

செல்வி இப்போது இருப்பது ஒற்றை அறை. பக்கத்திலேயே அதே வீட்டுக்காரருக்கு இரண்டு அறை வைத்த சின்ன வீடு ஒன்று காலியாகிறது. பொங்கலுக்குள் சொன்னால் அவளுக்குத் தருவார். இல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். அந்த மாதிரி ஊரில் அடுத்த வீடு எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

"எப்ப வர்றீங்க?" என்று அவள் கேட்பாள்.

"பாக்கலாம். பொண்ணக் கூட்டிட்டு வரணும். ஊரு எப்படின்னு தெரிய வேணாமா?"

"ஊரு நல்லாத்தான் இருக்கு."

அதற்குமேல் இவனுக்குப் பேச்சு வராது. அவளும் விட்டுவிடுவாள். இரண்டு பக்கமும் ஒன்றும் பேசாமல் கைபேசியைக் காதில் வைத்தபடி சிறிது நேரம் இருப்பார்கள். பின்னால் அவள் வீட்டு ஹீட்டர் உறுமுவது கேட்கும். இவன் பின்னால் ஆட்டோ போவது அவளுக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் அவள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அதுவும் ஒரு பேச்சு என்று பழகிவிட்டாள்.

விமல்ராஜின் தொழில் கேமரா மாட்டுவது. பயந்தவர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் இந்த ஊரிலேயே இல்லாதவர்கள். பிரான்சில் குடியேறிவிட்டு இங்கே பூட்டிப் போட்ட வீட்டுக்கு நாலு மூலையிலும் கேமரா வைத்து, பாரிசில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "தம்பி, நேத்து ராத்திரி வாசல் கேட்டுக்கிட்ட எதோ அசைஞ்சுதே?" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் நாயாக இருக்கும், அல்லது முருங்கைக் கிளையாக. அசைவது எல்லாம் திருடன்தான் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு. இதையெல்லாம் நினைத்துச் சிரித்திருக்கிறான். தானும் காலையில் அதையேதான் செய்கிறோம் என்று தோன்றும்போது சிரிப்பு நின்றுவிடும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மூலக்குளத்தில் ஒரு வேலை வந்தது. புதிதாகக் கட்டிய வீடு. வீட்டுக்கார அம்மா பெயர் ஜெயம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். எதிரே காலி மனையில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்கள் தங்கியிருந்தார்கள். கொடியில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எனக்கு அந்தக் கொட்டகை மொத்தமும் தெரியணும் தம்பி. யாரு வர்றான், யாரு போறான், எல்லாம்."

"ஏதாச்சும் காணாமப் போச்சாக்கா?"

"போவல. போவக் கூடாதுன்னுதானே உன்னக் கூப்புட்டேன்."

"எதுனா தகராறு பண்றாங்களா?"

"அதான் பயமே. சத்தமே இல்ல. வர்றானுங்க, சோறாக்கறானுங்க, தூங்கறானுங்க. அப்படி இருந்தா எப்படி நம்பறது சொல்லு?"

அவன் பையைத் திறந்து திருகாணிகளை எடுத்தான்.

"நீயும் அவனுங்க மாதிரிதான் இருக்கிற, வாயே தொறக்க மாட்டன்ற" என்று சிரித்துவிட்டு ஜெயம் டீ போட உள்ளே போனார்.

ஏணியைச் சார்த்தி, சுவரில் துளை போட்டு, கேமராவைத் திருகிவிட்டுக் கீழே இறங்கினான். படம் பதியும் பெட்டி ஓடத் தொடங்கச் சிறிது நேரம் ஆகும். சும்மா இருந்த கை தானாகவே வரைபடத்தைத் திறந்தது. புது மாதம் வந்திருந்தது. நவம்பர்.

ஹேசல்கோட்டின் நடுவில் ஒரு புள்ளி இருந்தது.

நாலு சந்துகள் கூடும் இடம். செல்வியின் வீடு அந்தச் சந்தியிலிருந்து மூன்றாவது. இவன் புள்ளியைத் தொட்டான். 'சமூக விரோத நடத்தை' என்று மொழிபெயர்த்துக் காட்டியது கைபேசி. அவ்வளவுதான். யார், என்ன, எப்போது, ஒன்றும் இல்லை. சமூக விரோதிகள் என்றால் இங்கே பேப்பரில் எப்படிப்பட்டவர்களைப் போடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. செல்வி இருட்டில் வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறவள். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று தெரிந்தும் போன் போட்டான்.

"என்னங்க, இந்த நேரத்துல? பாரதிக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நவம்பர்ல உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு?"

"உன் வீட்டுக்கிட்ட. நாலு ரோடு கூடற எடத்துல. போலீசு வந்துதா?"

அந்தப் பக்கம் ஹீட்டர் மட்டும் உறுமியது. இது பழகிய மௌனம் இல்லை என்று இவனுக்குப் புரிந்தது.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"மேப்புல இருக்கு. புள்ளி வச்சிருக்கான். நான் தெனம் பாக்கறேன்."

"தெனமுமா?"

"செல்வி, உன்ன யாராச்சும் எதுனா பண்ணாங்களா? எங்கிட்ட மறைக்காத. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பி வந்துடு."

"ஐயோ, கொஞ்சம் இருங்க." அவள் மூச்சு விட்டாள். "என்ன யாரும் ஒண்ணும் பண்ணல. அது நான்தாங்க."

"எது நீ?"

"அந்தப் புள்ளி."

இவனுக்கு விளங்கவில்லை.

"நீங்கதான சொன்னீங்க? படியில வழுக்கி விழுந்து கை வீங்கிக் கெடந்தனே, அடுத்தாப்புல காய்ச்சல் வந்துதே. கண்ணு பட்டிருக்கு, அமாவாசையில பூசணிக்கா சுத்தி ஒடைன்னு சொல்லல?"

சொல்லியிருந்தான். ஒவ்வொரு அமாவாசைக்கும் கடை வாசலில் உடைக்கிற பழக்கத்தில் வாய் தவறி வந்த மாதிரி சொன்னது. அப்புறம் மறந்தும் போயிருந்தான்.

"இங்க வெள்ளப் பூசணி ஏது? அக்டோபர் கடைசியில பேய்த் திருவிழான்னு ஒண்ணு கொண்டாடறாங்க. அது முடிஞ்சா பரங்கிக்காய வாசல்ல வச்சு, வேணுங்கறவங்க எடுத்துக்கோன்னு வுட்டுடறாங்க. ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்."

"பரங்கிக்காயில போய் யாராச்சும் திருஷ்டி கழிப்பாங்களா?"

"இப்ப அதா முக்கியம்? கொடைஞ்சி, குங்குமத்தக் கரைச்சி ஊத்தி, காசு போட்டு, கற்பூரம் ஏத்தினேன். நாலரைக்கே கும்மிருட்டு இங்க. மழ வேற. கோட்டோட முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு, வீட்டுக்கும் எனக்கும் சேத்து சுத்திட்டு, சந்தியில போட்டு ஒடைச்சேன். திரும்பிப் பாக்கக் கூடாது இல்ல? வேகமா வந்துட்டேன். எதிர்வீட்டு ஹார்வியம்மா நாயக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ரோடெல்லாம் செவப்பு. நடுவுல சில்லறை. எதையோ அறுத்துப் போட்டிருக்குன்னு போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க."

விமல்ராஜ் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது, அதை வாய்வரை விட மனமில்லை.

"ரெண்டு நாள் கழிச்சி ஒரு போலீஸ்காரர் வந்தாரு. ஷூவக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வந்தாருங்க! டீ குடிச்சாரு. பரங்கிக்காய்னு சொன்னதும் சிரிச்சிட்டாரு. வண்டி வழுக்கும், கழுவி வுட்டுடுங்கன்னாரு."

"இங்கயும் வருசா வருசம் ஆயுத பூசைக்குப் போலீசு அதத்தான் சொல்றாங்க."

"கழுவிட்டேன். ஆனா போன் வந்தா பதிஞ்சது பதிஞ்சதுதானாம். நீங்க இப்படி மேப்பத் தொறந்து வச்சிக்கிட்டுப் பாப்பீங்கன்னு யாரு கண்டா?"

"போலீசுக்கு நீதான்னு எப்படித் தெரிஞ்சது?"

"கேமராவுல. ஹார்வியம்மா வாசல்ல வச்சிருக்காங்க. படத்த ஊரு குரூப்புல போட்டு, இது யாருன்னு தெரியுமான்னு கேட்டுட்டாங்க. என் கோட்ட வச்சு யாரோ சொல்லிட்டாங்க. அனுப்பறேன், பாருங்க."

படம் வந்தது.

இந்த மாதிரிப் படங்களை விமல்ராஜ் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறான். மேலிருந்து சாய்வாக எடுத்தது, நிறமில்லாமல் சாம்பல் பூத்தது. முக்காடு போட்ட ஓர் உருவம் குனிந்து இரண்டு கையிலும் எதையோ ஏந்தி நிற்கிறது. கற்பூரச் சுடர் வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது. முகம் இல்லை. அடுத்த படத்தில் அதே உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு விரைகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று போகிறவள், ஓடித் தப்பிப்பவளைப் போலவே இருந்தாள்.

யாரை மேலிருந்து எடுத்தாலும் திருடனாகத்தான் தெரியும். இது அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தெரிந்த ஒருத்தியை அவன் இதுவரை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. எட்டு வருடம் கூட இருந்தவளை, கைபேசியை நெருக்கிப் பிடித்து, தோளின் சரிவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டியிருந்தது. வலதுகைக் கட்டு லேசாகத் தெரிந்தது. வீங்கிய கையோடு பரங்கிக்காயைத் தூக்கியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல எங்கிட்ட?"

"சொன்னா வர மாட்டீங்க." கொஞ்சம் விட்டு, "சொல்லாமயும் வரல" என்றாள்.

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. ஊர் எப்படி என்று தெரிய வேண்டும் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில்லை என்பது அது போய் மறைவதற்குள் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. புள்ளியில்லாத மாதங்களில் எல்லாம் அவன் ஏன் கிளம்பவில்லை? அங்கே வேலை இல்லாத, மொழி சரளமில்லாத, வாய் திறக்காத ஓர் ஆளாக அந்தச் சந்துகளில் நடக்க வேண்டியிருக்கும். ஜன்னல் திரைகள் விலகும். இத்தனை வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்கு அதன் முன்னால் போய் நிற்கப் பயம். தன் பயத்தை அவள் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறான்.

"பயமா இருக்கா செல்வி?" என்றான். இதை அவன் இதற்குமுன் கேட்டதில்லை.

"போலீசுக்கெல்லாம் பயமில்ல. அந்தப் படத்தப் பாத்தப்பதான். எனக்கே என்னப் பாத்தா பயமா இருந்துச்சு."

"அந்த ஹார்வியம்மா இப்ப பேசறாங்களா?"

"இல்ல. குரூப்புலேர்ந்து படத்த மட்டும் எடுத்துட்டாங்க. கேமரா இருக்கு. தெனமும் அதுக்குக் கீழதான் டூட்டிக்குப் போறேன். கையாட்டிட்டுப் போறேன்."

"யாருக்கு?"

"கேமராவுக்குத்தான். பாக்கறவங்க பாக்கட்டும். மேப்பத் தொறக்கற நேரத்துல நீங்களும் பாருங்களேன், அதான் தெனம் எங்க ஊருக்கு வர்றீங்களே."

இப்போது அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு முடியும் இடத்தில் கொஞ்சம் உடைந்தது. அதை இருமலாக்கி மறைத்தாள்.

படத்தை மறுபடி பார்த்தான். காட்சிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். தனியாக நிற்கிற ஆள்மேல்தான் கண் போகும். அதே இடத்தில் இரண்டு பேரும் ஒரு குழந்தையும் நின்றால் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை; ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். படத்தில் அவளைச் சுற்றி எவ்வளவோ இடம் காலியாக இருந்தது.

"அந்த ரெண்டு ரூம் வீடு இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"எடுத்துக்கறோம்னு சொல்லிடு."

ஹீட்டர் உறுமியது. வெகுநேரம் உறுமியது. இம்முறை இவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

"பாரதிக்கு ஸ்வெட்டர் அங்க வாங்காதீங்க" என்றாள் செல்வி. "இங்க வாங்கிக்கலாம். அங்க வாங்கறது இந்தக் குளுருக்குத் தாங்காது."

போனை வைத்தபோது ஜெயம் டீயோடு வந்து நின்றார். திரையில் படம் வந்துவிட்டிருந்தது. தகரக் கொட்டகை மேலிருந்து தெரிந்தது. கொடியில் காய்ந்த லுங்கியை எடுக்க ஓர் ஆள் வெளியே வந்தான். அண்ணாந்து புதுக் கேமராவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எடுக்க வந்ததை எடுக்காமல் உள்ளே போய்விட்டான்.

"பாத்தியா, பாத்தியா? எப்படி முழிக்கிறான் பாரு!" என்றார் ஜெயம்.

விமல்ராஜ் டீயைக் குடித்து முடித்தான். ஏணியில் ஏறி, கேமராவின் கழுத்தைத் தளர்த்திக் கீழே சாய்த்து, மறுபடி திருகினான். இப்போது திரையில் ஜெயத்தின் கேட்டும் வாசல் கோலமும், அதைத் தாண்டிப் பாதித் தெருவும் மட்டும் இருந்தன.

"எங்க தம்பி கொட்டகை?"

"உங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் இதுல விழும்க்கா. திருட வர்றவன் கேட்டத் தாண்டித்தானே வரணும்?"

"நான் கேட்டது அது இல்லியே."

"வேற மாதிரி வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் இந்த மாசத்தோட கடைய மூடறேன்."

"ஏன், எங்க போற?"

ஏணியை மடக்கினான். எதிரே அந்த ஆள் மறுபடி வெளியே வந்து, கேமரா குனிந்துவிட்டதைக் கண்டு, லுங்கியை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். விமல்ராஜ் அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவன் ஒரு கணம் தயங்கி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் மெல்லக் கையை உயர்த்தினான்.

"ஒரு கிராமத்துக்குக்கா" என்றான் விமல்ராஜ்.