ஆறு மணி மிஸ்டு கால்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அங்கே இங்கே கேள்விப்பட்டு என்மேல் வருத்தப்படாதீர்கள். பீளமேட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயர் சசிதர், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவருடைய அப்பா நடத்திய நூல் மில் மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. அந்த மில்லின் காவலாளி மில்லுக்குள்ளேயே ஒரு குழியில் விழுந்து நாலு நாள் கிடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லூரி, பேக்கரி, பஸ் ஸ்டாப் எல்லாம் இருந்தன. யாருக்கும் தெரியவில்லை. சசிதர் சொன்னார், நான் எழுதுகிறேன்.

நண்பர் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் ஒதுங்கியவனைப் பற்றி எழுதுவது சுலபம். அவன் கடல்மேல் கோபப்பட்டுக்கொள்ளலாம். பீளமேட்டில் மாட்டிக்கொண்டவர் யார்மேல் கோபப்படுவார்? (பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்பது மாதமாக இந்தக் கதை முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.)

2

தொடக்கம் ஒன்று: "மூடிய மில்லின் கூரைமேல் தாழ்ந்து போன விமானத்தின் நிழல்..."

அடித்துவிட்டேன். நிழலில் ஆரம்பிக்கிறவன் எதையோ சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

தொடக்கம் இரண்டு: "செப்புக்கம்பி திருட வந்தவர்களை விரட்டிக்கொண்டு ஓடிய கருப்புசாமி..."

இதில் நல்ல விறுவிறுப்பு இருந்தது, இரண்டு பக்கம் ஓடவும் செய்தது. பிறகுதான் திருடன் யாரும் இல்லை, ஒரு மயில்தான் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்காதீர்கள். சொன்னால் கருப்புசாமி பிழைத்தாரா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

தொடக்கம் மூன்று. இது நிற்கட்டும்.

ஆடி மாதம், திங்கட்கிழமை சாயங்காலம். கருப்புசாமிக்கு அறுபத்திரண்டு வயது, ஊர் அன்னூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் இருபது வயதில் மில்லில் சேர்ந்து, மில் மூடியபின் அதற்கே காவலாளியானார். கேட்டை ஒட்டிய அறையில் தங்கல். மனைவி போய்ச்சேர்ந்துவிட்டார். ஒரே மகள் மதிவதனி அன்னூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார்.

நூற்புக் கூடத்தின் தரைக்கு அடியில், பஞ்சுத் தூசியை இழுத்துக்கொண்டு போவதற்கென்று கட்டிய ஒரு காற்றுச் சுரங்கம் உண்டு. ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். மேலே இரும்புத் தகடுகள் வரிசையாக மூடியிருக்கும். எது தாங்கும், எது துருப்பிடித்தது என்பது கருப்புசாமியின் காலுக்கே தெரியும். அன்றைக்குத் தாங்குகிற தகட்டின்மேல் கிடந்த பழைய சாக்கில் ஒரு பெண்மயில் அடைகாத்துக்கொண்டிருந்தது. மூடிய மில் என்றால் எங்கள் ஊர் மயில்களுக்குச் சொந்த வீடு மாதிரி.

"நீங்க இருந்துக்கங்க, நான் இப்புடிக்கா போய்க்கறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தகட்டில் காலை வைத்தார்.

மனிதர், மாடு, மயில் என்று பார்க்காமல் 'ங்க' போடுகிற ஊர் இது. அந்த மரியாதைதான் அவரைக் குழிக்குள் இறக்கியது.

3

வலது கால் முட்டிக்குக் கீழே மடிந்துபோயிருந்தது. முதலில் கத்தினார். குரல் சுரங்கத்துக்குள்ளேயே போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. தோளில் இருந்த துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். மூலையில் கிடந்த கழிவுப் பஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் சாய்ந்தார். முப்பது வருடம் பஞ்சோடு கிடந்தவர் அதன்மேல் படுத்தது அன்றைக்குத்தான்.

கூரை ஓட்டை வழியாக ஆடிச் சாரல் சொட்டியது. சட்டையைக் கழற்றி நனையவிட்டு, வாயில் பிழிந்து குடித்தார். பையில் கடலை மிட்டாய் இரண்டு இருந்தது. அதை நகத்தால் கிள்ளிக் கிள்ளித் தின்றார். எலி வந்தது. "போங்க சாமி, உங்களுக்கு வேற எடமா இல்ல" என்று அதையும் மரியாதையோடு விரட்டினார்.

கைக்கு ஒரு பழைய ஸ்பேனர் கிடைத்தது. அதை வைத்து இரும்புக் குழாயில் தட்டினார். செவ்வாய் முழுக்கத் தட்டினார், புதன் முழுக்கத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் கோயமுத்தூரில் இரும்பைத் தட்டுகிற சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சத்தம் நின்றால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளின் பைக் சத்தம் அவருக்குக் கேட்டது. பஸ் கண்டக்டர் விசில் கேட்டது. நாலு நாளும் ஊர் அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஊருக்குத்தான் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் மகள் தேடி வருவாள் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிறு வரைக்கும் உடம்பு தாங்காது என்று புதன்கிழமையே தெரிந்துபோனது.

4

போன் இல்லையா என்று நீங்கள் அப்போதே கேட்டிருப்பீர்கள். இருந்தது. பட்டன் போன், பாதிச் சார்ஜ்.

[இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்குக் கருப்புசாமி முதலாளி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங், உடனே கட். மில் பத்திரமாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். எடுக்கக் கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாது. சசிதரின் அப்பா வரதராஜுலு காலத்தில் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. அவர் காலமானபின் அந்த நம்பர் சசிதருக்கு வந்தது, மிஸ்டு காலும் வந்தது. இப்போது யார் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் முதலாளி வீட்டாரைக் காலங்காத்தாலே தொந்தரவு செய்வதா என்று கருப்புசாமி பழைய வழக்கத்தை விடவில்லை.]

சுரங்கத்தின் அடியில் சிக்னல் கிடையாது. குழாய்மேல் ஒற்றைக் காலில் ஏறி நின்று, விழுந்த ஓட்டை வழியாகக் கையை மேலே நீட்டினால் ஒரு புள்ளி வந்தது. அப்படி ஏறிநிற்க ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உடம்பு இடம் கொடுத்தது. சசிதர் போனைக் கையில் வைத்திருக்கிற நேரம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது காலை ஆறு மணி ஒன்றுதான். அதனால் மற்ற நேரம் போனை அணைத்துவைத்தார்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கையை மேலே நீட்டியபடி பச்சைப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார். கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்கு அதுவே போகும். மேலே ரிங் போகிற சத்தம் மெல்லக் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவதில் கால் நழுவிக் கீழே விழுந்தார், கூடவே போனும். பஞ்சுமேல் விழுந்ததால் போன் உடையவில்லை.

5

இந்த இடத்தில்தான் எனக்குச் சசிதர் என்கிற பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஐந்து ரிங் போயிருக்கிறது. அவர் ஏன் எடுக்கவில்லை? முதல் பிரதியில் அவரைக் குளிக்க அனுப்பினேன். இரண்டாவதில் அவருக்குக் காய்ச்சல். மூன்றாவதில் வெளிநாட்டுக்கே அனுப்பிவைத்தேன். எழுதுகிறவன் கையில் விமான டிக்கெட்டுக்கு என்ன பஞ்சம்.

"புதன்கிழமை மதியம் மதிவதனி"

இந்த வாக்கியத்தை ஒன்பது மாதமாக இந்த இடத்தில்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

மூன்று பிரதிகளையும் என் மனைவி பிந்து படித்தாள். எல்லாம் சரி, இதில் நீங்கள் எங்கே என்று கேட்டாள். அதோடு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரி. சசிதர் நான்தான்.

குளிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. படுக்கையில்தான் இருந்தேன், போன் தலைமாட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலைந்து ரிங் அடித்ததைக் கேட்டேன். வயசாகிவிட்டது, கட் பண்ண மறந்துவிட்டார் என்று நினைத்தேன். புதன்கிழமை இன்னும் நீளமாக அடித்தது. எரிச்சல் வந்தது. மிஸ்டு காலை யாராவது எடுப்பார்களா? வியாழக்கிழமைக்கு முன்னால் போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டேன். எழுந்து பார்த்தபோது 6:01 என்று ஒரு மிஸ்டு கால் இருந்தது. எல்லாம் நலம்.

நம் வேலைக்காரர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

6

இப்போது அந்த வாக்கியத்தை முடிக்கிறேன்.

புதன்கிழமை மதியம் மதிவதனி எனக்குப் போன் செய்தாள். அப்பாவின் போன் நேற்றிலிருந்து சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"காலைல ஆறு மணிக்குக்கூடக் கூப்பிட்டாரு அம்மணி, நல்லாத்தான் இருக்காரு. சார்ஜ் இருக்காது" என்றேன்.

மில் என் ஆபீசிலிருந்து பைக்கில் ஐந்து நிமிடம்.

7

முடிவுகள்.

(அ) செவ்வாய் காலை, மூன்றாவது ரிங்கில் நான் போனை எடுக்கிறேன். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், ஏணி, ஆம்புலன்ஸ், கால் பிழைக்கிறது. இந்த முடிவைப் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ரிங்கில் எடுக்கிறேன்.

(ஆ) அவர் இறந்துவிடுகிறார். எழுதிப் பார்த்தபோது கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. செத்தவர் திரும்பி வந்து உங்களை ஒன்றும் கேட்கமாட்டார் என்கிற தைரியம்தானே என்றாள் பிந்து. கிழித்துப் போட்டேன்.

(இ) நடந்தது. வியாழக்கிழமையும் அப்பாவின் போன் கிடைக்காததால் மதிவதனி லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தாள். கேட் உள்ளே பூட்டியிருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு கேட்டில் ஏறிக் குதித்தாள். கூடத்தில் முதலில் மயிலைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்த ஓட்டையை. பட்டறைக்காரர்கள் ஏணி கொண்டுவந்து அவரைத் தூக்கினார்கள். அவள் எனக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். என் போன் அன்றைக்கும் சைலன்ட்டில்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

கருப்புசாமி பிழைத்தார். முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் என்பது புதன்கிழமை.

வராந்தாவில் மதிவதனி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நல்லா இருக்காருன்னு நீங்க சொன்னீங்கல்லங்க சார். நானும் அத நம்பி வேலையப் பாக்கப் போயிட்டனுங்க."

என் குற்றத்தில் பாதியை அவள் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

8

ஒரு வாரம் கழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கருப்புசாமியிடம் எல்லாவற்றையும் கேட்டேன். மயில், சாரல், ஸ்பேனர் எல்லாம் அவர் சொன்னவைதான். மகளை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அது பயந்துக்குமே, அன்னூரிலிருந்து தனியாக அலறிக்கொண்டு வருமே என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க பக்கத்துல இருக்கீங்க, அஞ்சு நிமிசத்துல வந்துருவீங்கன்னு பாத்தனுங்க தம்பி" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அப்புடிச் சொல்லாதீங்க. மிஸ்டு கால எடுக்கக் கூடாதுங்கறது அப்பா காலத்துல பேசுன பேச்சுங்க. நீங்க பேச்சு மாறலைங்களே."

[இந்த வரியை எப்படி எழுதினாலும் அவர் என்னைக் குத்திக்காட்டியதுபோல வந்துவிடுகிறது. அவர் குத்திக்காட்டவில்லை. அவர் நிஜமாகவே எனக்காகப் பேசினார். அதுதான் தாங்கவில்லை.]

கிளம்பும்போது மயில் குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

9

இப்போது அவர் அன்னூரில் மகளோடு இருக்கிறார். வேலையில் இல்லாததால் ஆறு மணிக்கு மிஸ்டு கால் கொடுக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எனக்கோ ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. அவர் நலம் என்று எனக்குச் சொல்ல இப்போது எதுவும் அடிப்பதில்லை.

அதனால் நான் கொடுக்கிறேன். ஒன்பது மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு அவர் நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டுக் கட் செய்துவிடுகிறேன். நான் நலம் என்று பொருள், பொய்தான். போன் அவர் கையில் இருக்கிறதா, மதிவதனி கையில் இருக்கிறதா தெரியாது. ஒருநாளும் அவர்கள் திருப்பிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடவும் கூடாது, பேச்சு அப்படி.

இரண்டாவது ரிங்கை விட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் பேச வேண்டும். அவர் எடுத்தால் எதற்குங்க தம்பி மன்னிப்பெல்லாம் என்பார். அவள் எடுத்தால் என்ன சொல்வாள் என்று தெரியாது. யாரும் எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருந்தால், குழாய்மேல் ஒற்றைக் காலில் நின்று அவர் கேட்ட அந்தச் சத்தத்தை நானும் முழுசாகக் கேட்டாக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மணி ஆறாகிவிட்டது. பழக்கத்தில் விரல் தானாகவே நம்பரைத் தட்டிவிட்டது. முதல் ரிங் போய்விட்டது. கட் செய்கிற பொத்தான்மேல் விரல் இருக்கிறது.

நீங்கள் சொல்லுங்கள்.