சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு டக்

மெக்கானிக்குகள் வட்டாரத்தில் அவனுக்குக் ‘காதுக்காரன்’ என்று பெயர். வண்டியின் சத்தத்தைப் போனில் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். “வண்டி தும்மினாப் போதும், ஜாதகமே கணிச்சிடுவான்” என்று பக்கத்து டயர் கடைக்காரர் கிண்டல் செய்வார். கேட்டும் கேட்காதவன்போல இருப்பான், உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

அவனுடைய அக்கா ஊர்க்கோடியில், ஒரு சரிவான தெருவின் உச்சியில் தனியாகக் குடியிருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் கணவனை விட்டு அவள் வந்தபோது, “இனி என் முகத்துல முழிக்காதே” என்று அப்பா சொல்லிவிட்டார். அவளும் முழிக்கவில்லை. ரோஷத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்த மகள். தம்பிதான் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆறு நாளாகியிருந்தது. அன்று காலை கண் விழித்ததும், யாரும் கேட்காமலே, “பெரியவளை வரச் சொல்லு” என்றாராம். அம்மா உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா ஈரத் தலையோடு ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ‘டக்’ என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தம்பியைக் கூப்பிட்டாள்.

“கார் கிளம்ப மாட்டேங்குதுடா. அப்பா என்னை வரச் சொல்லியிருக்காரு.”

“அப்பாவா? உன்னையா?”

“ஆமாடா. அம்மாதான் சொன்னா. சாவியத் திருப்பினா டக்னு சத்தம் மட்டும் வருது.”

அவன் அப்போது கியர்பாக்ஸ் இறக்கிய ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தான். வண்டியின் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“திருப்புக்கா, கேக்கலாம்.”

பதற்றத்தில் அவள் சாவியைத் திருப்பித் திருப்பி விட்டாள். டக், டக், டக்.

“போதும். பேட்டரி போயிடுச்சு.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“எத்தனை வருஷமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? பேட்டரி கடைக்காரரை அனுப்பறேன். அரை மணியில புதுசு மாட்டிடுவாரு. அதுவரைக்கும் எதையும் தொடாதே.”

வண்டிக்காரர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவனுக்கு இனித்தது. மதியம் தானும் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவையும் அக்காவையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

கடைக்காரர் வர ஒரு மணி நேரமாயிற்று. புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். டக். பழையதை வைத்துப் பார்த்தார், மறுபடி புதியதை வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா டாக்சிக்குச் சொன்னாள். அலுவலக நேரம், வண்டி வரவே நாற்பது நிமிடம். அவள் ஆஸ்பத்திரிப் படியேறியபோது மணி பதினொன்று பத்து. அப்பா பத்தே முக்காலுக்குப் போயிருந்தார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து எட்டாம் நாள், அவன் அக்கா வீட்டுக்குப் போனான். கார் அதே இடத்தில் நின்றது. உள்ளே உட்கார்ந்து முதலில் ஹெட்லைட்டைப் போட்டான். எதிர்ச் சுவர் பளிச்சென்றது. விளக்கு எரிய எரியச் சாவியைத் திருப்பினான். ஒரே ஒரு டக். விளக்கு துளியும் மங்கவில்லை.

பேட்டரி செத்தால் விளக்கு மங்கும். ஒரே திருப்பலில் சத்தம் படபடவென்று பொரியும். இது என்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கோளாறு. “லைட் போட்டீங்களா, மங்குதா?” என்று முன்பின் தெரியாதவர்களிடம்கூட முதலில் அதைத்தான் கேட்பான். அன்று அக்காவிடம் கேட்கவில்லை; அவள் திருப்பித் திருப்பி விட்டதை ஒரே திருப்பலின் சத்தமாக எடுத்துக்கொண்டான்.

பானெட்டைத் திறந்து, ஸ்பேனர் பிடியால் மோட்டாரை நாலு தட்டுத் தட்டினான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். “ஓடுதே. என்னவாம்?”

வயர் லூசாக இருந்தது என்று சொல்லலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. என்ஜினை அணைத்தான்.

“பேட்டரி நல்லாத்தான்க்கா இருந்திருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான். நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“தட்டினா ரெண்டு நிமிஷம். தட்டவேகூட வேணாம். இந்தச் சரிவுல செகண்ட் கியர் போட்டுத் தள்ளிவிட்டிருந்தாலே கிளம்பியிருக்கும்.”

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டைக் கைகாட்டினாள்.

“எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டாரு, தள்ளிவிடட்டுமான்னு. மகனையும் கூட்டிட்டு வந்தாரு. நான்தான் வேணாம்னேன். என் தம்பி சொல்லிட்டான், பேட்டரிதானாம், எதையும் தொடக்கூடாதாம், அவனுக்குத் தெரியாத வண்டி கிடையாதுன்னு பெருமை வேற பேசினேன்.”

அவள் திட்டியிருந்தால் அவன் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

“மன்னிச்சிடுக்கா.”

“டாக்சிக்கு முதல்லயே சொல்லாதது நான்தானே” என்றாள். அதில் சமாதானம் இல்லை. கணக்கைச் சரிபாதியாகப் பிரிப்பதுபோல இருந்தது. பிறகு தானாகவே சொன்னாள். “கார்ல உக்காந்து, அப்பாவைப் பார்த்ததும் என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன். மூணு தடவை மாத்தி மாத்தி, கடைசியில சரியா வந்திடுச்சு.”

“என்னக்கா யோசிச்சு வச்சிருந்தே?”

அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. “உன்கிட்ட சொல்றதுக்கில்லடா அது.”

எழுந்து உள்ளே போனாள். அவன் காருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து மோட்டாரைக் கழற்றத் தொடங்கினான். ஒரு போல்ட் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதைத் திருப்ப வெகுநேரம் பிடித்தது; கண்ணில் உப்புநீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கக் கையில் சுத்தமான விரல் ஒன்றுகூட இல்லை.