இருபது நாள் உத்தியோகபூர்வக் கடமை

வாவிக்கு மேற்கே வேளாண்மை செய்யும் சகல கமக்காரப் பெருமக்களின் மேலான கவனத்திற்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், நமது கமக்காரர் அமைப்பின் தலைவர் திருவாளர் கதிர்காமத்தம்பி அவர்கள், உத்தியோகபூர்வக் கடமை நிமித்தம், எதிர்வரும் திங்கள் முதல் இருபது வேலைநாள்களுக்கு முற்பகல் வேளைகளில் சமூகமளிக்கமாட்டார். ஒப்பம். முத்திரை. திகதி.

எழுதியவரும் கதிர்காமத்தம்பிதான், அமைப்பின் கட்டடச் சுவரில் பசை பூசி ஒட்டியவரும் அவர்தான். கடமை என்னவென்றால், புரஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு நகரத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடிப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை.

இதை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நாள் பின்நேரம் அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம். எட்டு வருடமாகத் தான் இருக்கும் கதிரையைச் சுற்றிப் பாய்வதற்கு ஆட்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. தலைவருக்கு வருத்தம், அதுவும் அந்த இடத்தில் வருத்தம் என்று தெரிந்தால் கதை முடிந்தது.

டொக்டர் வதனி எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு முன்பே விளங்கப்படுத்தியிருந்தார். அந்தக் கட்டிக்குச் சாப்பாடு ஆண் ஹோர்மோன். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டு அந்தச் சாப்பாட்டை நிறுத்துவது, பட்டினியில் சுருங்கிய கட்டியைக் கரண்டால் அடிப்பது. நோய் வெளியே பரவவில்லை, முற்றாகச் சுகமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். கதிர்காமத்தம்பி கேட்டது ஒரேயொரு கேள்வி. மீசை இருக்குமா? மீசையும் இருக்கும், குரலும் இருக்கும் என்றார் டொக்டர். உடம்பு திடீரென்று சூடாகி வேர்க்கும், களைப்பு வரும், ஆசை குறையும், ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும். பதவி ஆசையுமா என்று கேட்க வாய் திறந்த அவருடைய மனைவி புஸ்பம், இடம் பார்த்து மூடிக்கொண்டாள்.

சூடு சொன்னபடியே வந்தது. நிர்வாகக் குழுவின் நடுவில், உரம் பற்றிய உரையின் மத்தியில், கழுத்திலிருந்து நெற்றிவரை தீ ஏறி சேர்ட் நனைந்தது. ஆழமாகச் சிந்தித்தால் தனக்கு இப்படித்தான் என்று சபைக்கு விளக்கம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, தான் படும் வேதனை உலகத்தில் எவருக்கும் விளங்காது என்று புஸ்பத்திடம் சொன்னார். அவள் செல்வன் மீனைச் செதில் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இந்தச் சூடு நாப்பத்தெட்டு வயசில வந்தது. நாலு வருசம் இரிந்தது. நான் நோட்டீஸ் ஒட்டல்லயே.”

கரண்ட் பிடிக்கும் இடத்தில் இன்னொரு சட்டம். குடல் வெறுமையாக இருக்கவேண்டும், சிறுநீர் தேங்கும் சலப்பை நிறைந்திருக்கவேண்டும். அப்போதுதான் குடல் விலகி நிற்கும், கரண்ட் தேவையான இடத்தில் விழும். மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். முந்திக் குடித்தவன் காத்திருக்கும் வாங்குப்பலகையில் நெளிவான், பிந்திக் குடித்தவன் திருப்பி அனுப்பப்படுவான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் ஏறாவூர் அசனார். கதிர்காமத்தம்பியின் வயல்வட்டையிலேயே கடைசிக் கண்டத்தில் வேளாண்மை செய்பவர், அதே திங்கட்கிழமை அதே வருத்தத்துக்கு வந்தவர். வாய்க்காலில் யாருக்கு எப்போது முறை என்று முப்பது வருடம் பார்த்த மனுசன், ஆஸ்பத்திரி வாங்கிலும் அதையே செய்தார். உள்ளே போனவர் வெளியே வர எத்தனை நிமிடம் என்று பார்த்து, நீங்கள் இப்போது குடியுங்கள், நீங்கள் பொறுங்கள் என்று சொல்வார். இரண்டாம் கிழமைக்குள் தாதிமாரே அவரிடம்தான் நிலவரம் கேட்டார்கள். முதல் நாள் அவரைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிய தலைவர், மூன்றாம் நாள் அவர் சொன்ன நேரத்துக்குக் குடித்தார். ஊரில் எவருடைய சொல்லையும் கேட்டு அவர் பச்சைத் தண்ணீர் குடித்ததாக வரலாறு இல்லை.

பத்தொன்பதாம் நாள் வந்தது. கூட்டம் இரண்டு மணிக்கு. அன்றைக்கு அசனாரின் முறைக்குக் காத்திருக்கத் தலைவர் தயாராக இல்லை. பொதுப்பணி நிமித்தம் தனக்கு முன்னுரிமை வழங்குமாறு கடிதத் தலைப்பில் எழுதி முத்திரை குத்திக் கொண்டுவந்திருந்தார். தாதி அதை வாசித்தார், வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தோளைக் குலுக்கினார்கள். முதலாவதாகப் போகலாம் என்றார். கதிர்காமத்தம்பி மூன்று கிளாஸ் தண்ணீரையும் நின்ற நிலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு பேராளரைப் போல உள்ளே நடந்தார்.

படுக்கவைத்துப் படம் பார்த்த விஜிதரன் என்ற இளம் தொழில்நுட்பக்காரர் திரும்பி வந்தார்.

“இறங்குங்க ஐயா. சலப்பை நிறையல்ல.”

“தம்பி, நான் ஆரெண்டு தெரியுமா?”

“தெரியும் ஐயா. மெசினுக்குத்தான் தெரியாது.”

ஆஸ்பத்திரி உடுப்போடு வெளியே வந்தபோது வாங்கில் எவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாக எரிந்தது. மற்ற எல்லோருக்கும் அசனார் கணக்குப் பார்த்துக் குடிக்கும் நேரம் குறித்தாயிற்று, எவரையும் தள்ளிவைக்க முடியாது. இனி இவருடைய இடம் கடைசி. கடைசி என்றால் ஒன்றரை. வலையிறவுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர மூன்றாகும்.

ஒரு நாளை விட்டால் என்ன என்று கேட்டார். கதவைப் பார்த்துத்தான் கேட்டார். தன்னுடைய கதிரையில் வேறொருவன் கால்மேல் கால் போட்டு இருக்கும் காட்சி கண்முன் வந்தது. அந்த நேரம் பார்த்து உடம்பு சூடாகி வேர்வை வடிந்தது. பக்கத்தில் இருந்த அசனாருக்கும் அதே நேரம் வேர்த்தது. அவர் சால்வையின் ஒரு நுனியால் தன் முகத்தைத் துடைத்து, மறு நுனியை இவரிடம் நீட்டினார்.

“தலைவர், கூட்டம் வருசா வருசம் வரும். இந்தக் கரண்ட நமக்கு இருவது தரம்தான் எழுதித் தந்திரிக்காங்க. இரிங்க. நான் சொல்லக்குள்ள குடிங்க.”

“காக்கா, நான் போகாட்டி கதிரைய எடுத்துருவானுகள்.”

“எடுக்கட்டும். மறுகா நீங்க உசிரோட இரிந்து சண்ட பிடிங்க.”

கதிர்காமத்தம்பி சால்வை நுனியை வாங்கி முகத்தைத் துடைத்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து அமைப்பின் செயலாளர் லக்ஷனுக்கு அழைத்தார். வாங்கில் இருந்த அனைவருக்கும் கேட்கும் குரலில், மேடைக் குரல் இல்லாமல் சொன்னார்:

“தம்பி, எனக்குப் புரஸ்டேட் கான்சர். கரண்ட் பிடிக்க வந்திரிக்கன். இண்டைக்கு வர ஏலாது. கூட்டத்த நடத்துங்க.”

மறுமுனையில் பெரிய அதிர்ச்சி இல்லை. லக்ஷன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

அசனார் கை காட்டிய நேரத்துக்குக் கதிர்காமத்தம்பி தண்ணீர் குடித்தார், ஒரு மணித்தியாலம் அடக்கினார். ஒன்று முப்பத்தைந்துக்கு விஜிதரன் படம் பார்த்து, நன்றாக இருக்கிறது ஐயா என்றார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த பாராட்டுகளில் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத முதலாவது பாராட்டு அதுதான். இயந்திரம் அவரைச் சுற்றி வந்தது. வலி எதுவும் இல்லை. இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று எண்ணிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்து, நேரே கழிவறைக்குப் போனார்.

இரண்டே காலுக்கு லக்ஷன் அழைத்தான். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, இந்த முறையும் நீங்கள்தான் தலைவர் என்றான். எதிர்த்து நின்றது யார் என்று கதிர்காமத்தம்பி கேட்டார்.

எவரும் நிற்கவில்லை. எட்டு வருடமாக அந்தப் பதவியை வேறு எவரும் கேட்டதில்லை.