மூன்று வோல்ட் காவல்காரன்

எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக்காரி வேலையை விட்ட சேதி, அவள் அண்ணனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். பழைய மேனேஜர், "போயிட்டு வா, உன் மேசையைக் காலியாவே வச்சிருக்கேன்" என்று வழியனுப்பினாராம். அந்த மேசைக்குத் திரும்பாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, பாய்லர் தொழிற்சாலை கேட்ட சர்க்யூட். சென்சாரிலிருந்து எத்தனை வோல்ட் எகிறி வந்தாலும் மூன்றுக்கு மேல் உள்ளே விடக்கூடாது. விட்டால் அளக்கிற சிப் கருகிவிடும்.

அந்தத் தொழிற்சாலையின் சோதனைக்காரர் சர்க்யூட்டைப் பார்க்க வரும் காலையில், அவளிடம் ரிப்பேருக்குக் கொடுத்த என் மைக் ஆம்ப்ளிஃபயரை விசாரிக்கும் சாக்கில் நானும் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் அண்ணிக்கும் இதே தொழில்தான். "மிஞ்சின வோல்ட்டை வடிச்சுவிட வெறும் டயோடு ஒண்ணு போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தாள்.

"அது மூணுன்னு சொல்லிட்டு மூணு பாயின்ட் ஏழுலதான் பிடிக்கும் அண்ணி. சூட்டுக்கு ஒரு பேச்சு, குளிருக்கு ஒரு பேச்சு வேற, உங்களை மாதிரியே. ஆப்-ஆம்ப் சிப் கூட இருந்தா அந்தப் பாயின்ட் ஏழை அதுவே சரிக்கட்டிடும். கேட்லாக்லயே துல்லியமான சிப்பாப் பார்த்துப் போட்டிருக்கேன்."

வாய்க்கொழுப்புதான். ஆனால் சோதனைக்காரர் ஐந்து வோல்ட் கொடுத்தார், மீட்டரில் மூன்று. பன்னிரண்டு கொடுத்தார், அதே மூன்று. கண்ணாடிக்காரி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"சரி மேடம், இப்ப ஒரு வோல்ட் குடுத்துப் பார்க்கிறேன்" என்றார் சோதனைக்காரர்.

மீட்டர் 2.3 காட்டியது.

ஒன்று ஒன்றாகவே வந்திருக்க வேண்டும். அண்ணிதான் வாயைத் திறந்தாள். "திருடன் வந்தா பிடிக்கிறானான்னு பார்த்தே. வீட்டு ஆள் வந்தா சும்மா விடுறானான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அது முகத்திலேயே எழுதியிருந்தது. இனி காலி மேசைதான் என்று நான் மனசுக்குள் தெருமுனைவரை சொல்ல வேண்டிய சேதியைத் தயார் செய்துவிட்டேன். அவளோ மீட்டரை முறைத்துவிட்டு, திடீரென்று சிரித்தாள்.

"மூணுல பாயின்ட் ஏழு போனா ரெண்டு பாயின்ட் மூணு! அண்ணி, உங்க டயோடு இங்கதான் ஒளிஞ்சிருக்கு. இந்தச் சிப்போட ரெண்டு இன்புட் காலுக்கும் நடுவுல, தன்னைக் காப்பாத்திக்க உள்ளேயே டயோடு வச்சிருக்கு. ஒரு காலுல எல்லைக்கு வச்ச மூணு, இன்னொண்ணுல உள்ளே வர்ற ஒண்ணு இருந்தா, அந்த வழியா ஒண்ணையும் மேல இழுத்துவிட்டுடுது."

"அப்போ அந்த டயோடு இல்லாத சிப் வேணும்" என்றார் சோதனைக்காரர். "நான் பதினொண்ணுக்குக் கிளம்பணும்."

மணி பத்தே முக்கால். அண்ணியும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் திரும்பி, மூடி கழற்றிக் கிடந்த என் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா..." என்று இழுத்தாள் கண்ணாடிக்காரி.

"என் தலையெழுத்து, எடுத்துக்கோ."

அதிலிருந்தது பழைய, சாதாரணச் சிப். கால்களின் வரிசை ஒன்றேதானாம். சாக்கெட்டில் அப்படியே உட்கார்ந்தது. ஒரு வோல்ட்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. பன்னிரண்டுக்கு 3.002.

"அந்த ரெண்டு மில்லிவோல்ட்?" என்றார் சோதனைக்காரர்.

"நீங்க அனுமதிச்சது பத்துவரைக்கும்" என்றாள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

அவர் கையெழுத்துப் போட்டார்.

என் ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஊமையாகத்தான் கிடக்கிறது. பரவாயில்லை. அந்த மேனேஜர் காலி மேசைக்கு வேறு ஆள் தேடுகிறார் என்கிற சேதியை நாலு தெருவுக்குச் சொல்ல எனக்கு மைக் எதற்கு?