தோப்ரியின் காதுக்குப் போன மின்கம்பி

“உன் மிளகாய் அடுப்பைப் பிடுங்கு, சோன்கா! என் பொண்டாட்டி பேச்சு பாதியில நின்னுபோச்சு!”

“அவ செத்தே பதினோரு வருஷமாச்சு, யோவ்! இன்னுமா பேசி முடிக்கல?”

யாம்போல் நகரத்தில், எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் இந்தச் சண்டை நடந்தது ஒரு செப்டம்பரில். அந்த மாதம் ஊரே பால்கனியில் மின்சார அடுப்பு வைத்து கொழுத்த சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோல் உரித்து, குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைக்கும். எல்லா அடுப்பும் சேர்ந்து எரிந்தால் ஃபியூஸ் போகும். அன்று போனது பக்கத்து வீட்டு விதவை சோன்காவின் அடுப்பால்.

படிக்கட்டில் கத்திய தோப்ரி ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். அவருடைய காது மெஷினுக்கு அந்த ஆண்டுகளில் பேட்டரி கிடைக்கவில்லை. ரேடியோ ரிப்பேர் பார்க்கும் காமென், பேட்டரிக் குழியில் இரண்டு தகடுகளைச் செருகி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சுவர்ப் பிளக்கில் இணைத்துக் கொடுத்தான். கம்பி சமையலறையைத் தாண்டாது. மெஷின் இடைவிடாமல் ஒன்பது நாள் ஓடியதும், இறந்துபோன வெஸ்கா அதில் பேசத் தொடங்கினாள்: சூப்பில் உப்பு போதாது, சட்டையில் பொத்தானைக் காணோம். எங்கள் குரல்களும் அவருக்குக் கேட்டன, அவள் குரல் மட்டும் சற்று உரக்க. உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் என்பதால் யாரும் வியக்கவில்லை.

மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் மறுபடி ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். ஃபியூஸ் போன நேரத்தில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது: “தோப்ரி, அந்தச் சோன்கா இருக்காளே, அவ...”

“அவ? அவ என்னய்யா?” என்று சோன்கா கத்தினாள்.

“எனக்கு மட்டும் தெரியுமா? எழுபத்துமூணு வயசு. மிச்சத்தைக் கேக்காமலே போய்ச் சேர்ந்துட்டேன்னா?”

மறுநாள் முதல் சோன்காவே வீடு வீடாகப் போய் அடுப்புகளைப் பறிமுதல் செய்தாள். ஒன்பது நாள் கட்டடமே முற்றத்தில் விறகு மூட்டி, தகரத்தில் மிளகாய் சுட்டது. ராக்கியாச் சாராயம் கைமாறியது. வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து தோல் உரித்தார்கள். அப்படிப்பட்ட செப்டம்பர் அதற்குப் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

பத்தாம் நாள் காலை தோப்ரி சமையலறையிலிருந்து கூவினார்: “சொல்லிட்டா! அவளோட மண்சட்டியை வாங்கிட்டுப் போன சோன்கா திருப்பியே தரலையாம்!”

சோன்கா அந்தச் சட்டியைத் தேய்த்து, சுட்ட மிளகாயும் பூண்டும் நிரப்பி தோப்ரி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்தக் கதவு மறுபடி சாயங்காலம்தான் திறந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வசந்தத்தில் இருவருக்கும் கல்யாணம். கம்பி எட்டாது என்பதால் பதிவு அதிகாரியைச் சமையலறைக்கே வரவழைத்தார்கள். காமென் வார்னா நகரத்துக்குக் குடிபோனான். வெஸ்கா குறை சொல்வதை நிறுத்தவில்லை. தோப்ரி அதை வரிவிடாமல் ஒப்பிக்கிறார், சோன்கா அவர் காதைப் பிடித்து இழுத்து அதற்குள்ளேயே வெஸ்காவுக்குப் பதில் சொல்கிறாள்.